பழைய செட்டா, டிவிடி பிளேயரா, புதிய சிடி பிளேயரா? செட்டிநாட்டு வீட்டுக்கு எது சரி?

செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் நிறைய சிடிக்கள் இருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தவை, மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போனபோது வாங்கியவை, அறுபதாங் கல்யாணத்து நாதஸ்வரத்தைப் பதிந்து ஸ்டுடியோக்காரர் கொடுத்தவை என்று அலமாரி நிறைய இருக்கும். போட்டுக் கேட்கத்தான் வழியிருக்காது. பழைய செட் ‘நோ டிஸ்க்’ என்று காட்டிவிட்டு நின்றுவிடும். இதைச் சரி பண்ணலாமா, வேறு பழையது வாங்கலாமா, புதிதாக வாங்கினால் ஒலி நிஜமாகவே நன்றாக இருக்குமா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக வேலை செய்கிற இரண்டு சிடி பிளேயர்களை எடுத்துக்கொண்டால், ஒலியில் வித்தியாசம் மிகக் குறைவு. வட்டைப் படிக்கிற திறனில் வித்தியாசம் மிக அதிகம். அதனால் காசு போக வேண்டியது படிக்கும் திறனுக்கும், நாளைக்குப் பழுதானால் பாகம் கிடைக்குமா என்பதற்கும்தான். மிச்சக் காசும் கவனமும் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போகட்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சிடியில் இருப்பது வெறும் எண்கள். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980-ல் இந்தத் தரத்தை வகுத்தன. 1982 அக்டோபரில் சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அதே கணக்குதான். பிளேயருக்கு இரண்டே வேலை. எண்களைப் பிழையில்லாமல் படிக்க வேண்டும், படித்ததை மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிபயருக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் சில்லுதான் டிஏசி. விளம்பரங்களெல்லாம் இதைப் பற்றித்தான் பேசும். ஆனால் பிலிப்ஸின் முதல் பிளேயர்களில் இருந்தது 14 பிட் சில்லுதான். நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் என்ற உத்தியைச் சேர்த்து 16 பிட்டுக்கு இணையான ஒலியை அதிலேயே எடுத்துவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பே முடிந்த காரியம் இது. இன்றைய மலிவான டிஏசி சில்லுக்கு இது ஒரு சுமையே இல்லை.

சிடியின் தரமே போதாது, அதற்கு மேலே போனால்தான் நல்ல ஒலி என்று சொல்பவர்களும் உண்டு. 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ போன்ற உயர்தர வட்டுகளின் ஒலியை அப்படியே ஒரு முறையும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் ஒலிக்கவிட்டார்கள். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொன்னாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்.

அப்படியானால் ஒரு பிளேயர் தெளிவாகவும் இன்னொன்று மந்தமாகவும் கேட்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம் சத்தத்தின் அளவு. சிடி பிளேயரின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். சில டிவிடி பிளேயர்களும் சிறிய செட்டுகளும் அதைவிடக் குறைவாகக் கொடுக்கும். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்ளாது, தெளிவு கூடியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டை ஒப்பிடும்போது முதல் வேலை, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. மொபைலில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காருகிற இடத்தில் போனை வையுங்கள். தம்பூரா மட்டும் ஒலிக்கிற டிராக் ஒன்றைப் போட்டு, இரண்டு பிளேயருக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமைத் திருப்புங்கள். அப்புறம் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். இதைச் செய்தபிறகும் தெரிகிற வித்தியாசம்தான் நிஜமான வித்தியாசம். கடையில் யாரும் இதைச் செய்யவிட மாட்டார்கள், ஆனால் இரவல் வாங்கிவந்த பிளேயரை வைத்து வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

இதில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்தால் சுருதி ஆடும். சிடியில் அது நடக்காது. வட்டு உள்பக்கத்தைப் படிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றும், வெளிப்பக்கம் வரும்போது 200 சுற்றுமாக வேகம் மாறிக்கொண்டே இருந்தாலும், படித்த எண்கள் ஒரு நினைவகத்தில் சேர்ந்து, ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் தாளத்துக்குத்தான் வெளியே வரும். வீணையின் கமகம் இந்தப் பிளேயரில் அழகாக அசைகிறது, அந்தப் பிளேயரில் அசையவில்லை என்று யாராவது சொன்னால் அதற்காகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கேட்க வேண்டியவை வேறு. முதலாவது, டிராக்குகளுக்கு நடுவில் இடைவெளி விழுகிறதா என்பது. கர்நாடகக் கச்சேரி கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயம். நேரடிப் பதிவுகளில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் ஒரு டிராக் என்று பிரித்திருப்பார்கள்; ஒலி மட்டும் தொடர்ந்து ஓடும். நல்ல சிடி பிளேயர் அதை ஒரே ஓட்டமாகக் கொடுக்கும். பல டிவிடி பிளேயர்கள் ஒவ்வொரு டிராக் மாறும்போதும் அரை நொடி வாயை மூடிக்கொள்ளும். மிருதங்க வித்வான் காரைக்குடி மணி கோர்வையை முடித்துப் பல்லவிக்குள் விடுகிற இடத்தில் அப்படி ஒரு வெட்டு விழுந்தால் எவ்வளவு விலை குறைந்த பிளேயராக இருந்தாலும் எனக்கு வேண்டாம். தனித்தனிப் பாட்டாகக் கேட்கிறவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை.

இரண்டாவது, பாட்டு ஓடாதபோது வருகிற இரைச்சல். பாஸ் பண்ணிவிட்டு வால்யூமை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ‘ம்ம்ம்’ என்ற உறுமல் வந்தால் பவர் சப்ளையிலோ எர்த்திலோ கோளாறு. மூன்றாவது, பெட்டியே போடும் சத்தம். மலிவான பிளேயர்களில் வட்டு சுற்றுகிற ‘விர்ர்’ ஓசை தம்பூரா மட்டும் ஒலிக்கிற நேரத்தில் நன்றாகவே கேட்கும்.

இனி அறை. நம் ஊர் வீடுகளில் ஒலி கெடுவதற்குப் பாதிக் காரணம் வீடேதான் என்று நினைக்கிறேன். முட்டையின் வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, உயரமான கூரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. பெரிய கூடமான பட்டாலையில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள், ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் பின்னாலேயே வரும். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் அந்த வால் ஒட்டிக்கொள்ளும், வார்த்தைகள் மேல் பூசிக்கொள்ளும். எந்தப் பிளேயராலும் இதை மாற்ற முடியாது. வளவிலோ (நடு முற்றப் பகுதி) முகப்பிலோ செட்டை வைக்காமல், வளவைச் சுற்றியிருக்கும் சிறிய அறைகளில் ஒன்றில் வையுங்கள். தரையில் கனமான சமுக்காளம், ஒரு பக்கம் மெத்தை போட்ட கட்டில், ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி. மெல்லிய திரைச்சீலையால் பயன் குறைவு. துணி தடிமனாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைத்து, அதற்கு ஆறேழு அடிக்குள் உட்காருங்கள். கிட்டத்தில் உட்கார்ந்தால் ஸ்பீக்கரின் நேர் ஒலி மேலோங்கி, சுவரிலிருந்து திரும்புவது அடங்கும். ஐம்பதாயிரம் ரூபாய் பிளேயர் கொடுக்காத தெளிவை இது கொடுக்கும். இந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும்.

சரி, எதை வாங்கலாம்?

வீட்டில் கிடக்கும் பழைய செட்டிலிருந்து ஆரம்பிப்போம். ட்ரே திறக்காமல் முனகினால் ரப்பர் பெல்ட் இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும், அற்பச் செலவு. வட்டைப் போட்டதும் சுற்றிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்றால் முதலில் லென்ஸில் தூசி. நம் ஊர்ப் புழுதிக்கு இது சகஜம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் துடைத்தாலே பல செட்டுகள் எழுந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் லேசர் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் ‘லென்ஸ் மாத்தணும்’ என்று சொல்வது லேசரோடு சேர்ந்த அந்த முழு பிக்கப்பைத்தான். அதன் எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சோனியின் கேஎஸ்எஸ்-213, சான்யோவின் எஸ்எஃப்-பி101என் போன்றவை ஏராளமான பிளேயர்களில் வந்தவை, மாற்றுப் பாகம் ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும். இந்த வகை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். புதிய பிக்கப் வரும்போது நிலைமின்சாரத்தால் லேசர் எரிந்துவிடாமல் இருக்க ஒரு சிறு ஈயப் பொட்டு வைத்து ஷார்ட் செய்து அனுப்புவார்கள். மாட்டியபின் அதை எடுக்க மறந்தால் புதிய பிக்கப்பும் ‘நோ டிஸ்க்’ என்றே சொல்லும். பாகம் போலி என்று திருப்பி அனுப்புவதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பிக்கப்பில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி லேசரின் பவரைக் கூட்டிக் கொடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் லேசர் முழுதாகப் போய்விடும். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மூன்று வட்டு, ஐந்து வட்டு போடுகிற சேஞ்சர் செட் என்றால் என் கருத்து வேறு. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் நிறைய. ஒன்று உடைந்தால் மற்றதும் வரிசையாகப் போகும். அதன் ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு, வெளிக் கருவியைச் செருகுகிற ‘ஆக்ஸ்’ வழியாக வேறு பிளேயரை இணைப்பது மேல்.

அடுத்தது டிவிடி பிளேயர். அதில் டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசரும் சிடிக்கு 780 நானோமீட்டர் லேசரும் இருப்பதால் சிடி நன்றாகவே படிக்கும். பழையது மிக மலிவாகக் கிடைக்கும். பின்னால் ‘கோஆக்சியல்’ என்று, எண்களை அப்படியே வெளியே அனுப்பும் ஆரஞ்சு நிற பின் இருந்தால் அதிலிருந்து ஒரு தனி டிஏசி பெட்டிக்கு வயர் கொடுத்துவிடலாம். அதன்பின் டிவிடி பிளேயரின் உள்ளே என்ன சில்லு இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. டிராக் இடைவெளிதான் இதன் பெரிய குறை, அது டிஏசி மாட்டினாலும் போகாது. முகப்பில் எண் காட்டாத மாடல்களில் டிராக் தேட டிவியையும் போட வேண்டியிருக்கும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது தொல்லை.

பழைய ஹை-ஃபை சிடி பிளேயரைத் தேடி வாங்குவதில் தனி சுகம் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இறங்கினால் மரத்தூண், எனாமல் பாத்திரத்தோடு பழைய ரேடியோவும் கண்ணில் படும். சிடி பிளேயர் அங்கே எப்போதாவது அகப்பட்டால் அகப்பட்டதுதான், பெரும்பாலும் ஆன்லைனில் அல்லது தெரிந்தவர் மூலமாகத்தான் வரும். எங்கே வாங்கினாலும் கையில் இரண்டு வட்டுகள் கொண்டுபோங்கள். ஒன்று 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் கம்பெனி வட்டு. அதன் கடைசி டிராக்கைப் போடுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசி டிராக் வட்டின் விளிம்பில் இருக்கும், தேய்ந்த பிளேயர் அங்கேதான் தடுமாறும். இன்னொன்று வீட்டில் எழுதிய சிடி-ஆர். அது கம்பெனி வட்டைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் லேசர் பலவீனமானால் முதலில் மறுக்கப்படுவது அதுதான். இரண்டையும் உடனே படித்து, டிராக் தாவினால் ஓரிரு நொடியில் பிடித்துக்கொண்டால் பேரம் பேசலாம். பிலிப்ஸ் டிடிஏ1541ஏ போன்ற பெயர்பெற்ற பழைய சில்லு உள்ளே இருக்கிறது என்று விலையை ஏற்றினால் விட்டுவிடுங்கள். அந்தச் சில்லு நல்லதுதான், ஆனால் அதோடு வரும் பழைய பிலிப்ஸ் பிக்கப்புக்கு மாற்று கிடைப்பதுதான் கஷ்டம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறார் என்றால் பின்பக்க வோல்டேஜை முதலில் கேளுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். நம் 230-ல் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சிங்கப்பூர், மலேசியாவில் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும்தான் வேறு. அந்த வகையில் நம் பக்கத்தவருக்கு இது வசதி.

புதியது என்றால் யமஹா சிடி-எஸ்303, டெனான் டிசிடி-600என்இ, மராண்ட்ஸ் சிடி6007 ஆகியவை வழக்கமாகப் பேசப்படுபவை. மூன்றுமே இடைவெளி இல்லாமல், இரைச்சல் இல்லாமல் ஓடும். ஒலிக்காக இவற்றில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு அதிகக் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன். ஹெட்போனில் கேட்கிற பழக்கம் இருந்தால் மராண்ட்ஸில் அதற்கான பின்னும் வால்யூமும் உண்டு. பென் டிரைவும் போட வேண்டும் என்றால் யமஹா, மராண்ட்ஸ் இரண்டிலும் முடியும். வாங்குவதற்கு முன் சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அங்கேயே பார்த்துத் தருகிற பிராண்டா, சென்னைக்கு பார்சல் போட வேண்டிய பிராண்டா என்பது எனக்கு டிஏசி சில்லைவிட முக்கியம்.

பிளேயரே வேண்டாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்பதும் ஒரு வழி. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற இலவச மென்பொருளும் போதும். பிழை வந்த இடத்தை அது திரும்பத் திரும்பப் படித்து, மற்றவர்கள் எடுத்த அதே வட்டின் கணக்கோடு ஒப்பிட்டும் காட்டும். ஃபிளாக் கோப்பாக வைத்தால் ஒரு வட்டுக்கு 300, 400 எம்பி. ஒரு துளி ஒலியும் குறையாது. வட்டை எடுத்துப் போட்டுக் கேட்கிற சந்தோஷம் இதில் இல்லை என்பது எனக்குக் குறைதான்.

ஆனால் சிடி-ஆர்களுக்கு இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள், எந்தப் பிளேயர் வாங்கினாலும் சரி. கம்பெனி வட்டில் தகவல் குழிகளாக அச்சாகியிருக்கும். சிடி-ஆரில் அது ஒரு சாயத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்தை வெளிறச் செய்யும். தெரிந்த ஆச்சி ஒருவர் தன் வீட்டு அறுபதாங் கல்யாண வட்டு ‘எட்டாவது பாட்டுல நின்னு நின்னு போகுது’ என்று கொண்டுவந்தார்கள். ‘ஆச்சி, இனிமே இதப் பிளேயர்ல போடாதீங்க, மொதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்’ என்றேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தது. பிரதிபலிக்கும் உலோகப் பூச்சு பெயர் எழுதுகிற பக்கத்து வார்னிஷுக்கு நேர் கீழே இருப்பதால், அந்தப் பக்கக் கீறல்தான் மோசமானது. அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறது. அதில் விழுகிற சிறு கீறலை, 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போயிருந்தாலும், பிழைதிருத்தும் கணக்கு முழுதாக மீட்டுவிடும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

எனவே நான் சொல்லும் வரிசை இது. வீட்டுச் செட்டின் பிக்கப் கிடைக்கும் வகை என்றால் அதையே சரி பண்ணுங்கள், காசுக்கு அதைவிட மதிப்பு எதிலும் இல்லை. அது முடியாது, சினிமாப் பாட்டும் பக்திப் பாடலும்தான் கேட்பேன் என்றால் பழைய டிவிடி பிளேயர். கச்சேரி வட்டுகள் நிறைய இருந்தால், இரண்டு வட்டுச் சோதனையில் தேறிய பழைய சிடி பிளேயர். அலைய முடியாது, வீட்டில் பெரியவர்கள் பட்டனை அமுக்கினால் ஓட வேண்டும் என்றால் புதியது வாங்குங்கள். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஸ்பீக்கர் பழைய பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால் அதை மாற்றிய பிறகு வாங்குங்கள்.

கரண்ட் விஷயம் ஒன்று பாக்கி. பிளேயர் இன்வர்ட்டர் லைனில் இருந்தால் அது சைன் வேவ் இன்வர்ட்டரா என்று பாருங்கள். சதுர அலை இன்வர்ட்டரில் கரண்ட் போன நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அந்த உறுமல் ஸ்பீக்கரிலும் ஏறலாம். இடி மழை நாளில் பிளேயர், ஆம்ப்ளிபயர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கேபிள் டிவி வயரும் அதே செட்டில் சேர்ந்திருந்தால் அதையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.